மீற்றர் இல்லாத ஆறு வீடுகள்

2023 ஆகஸ்ட் மாதம், நல்ல கோடைக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் கிராமத்து நீர்த்தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது. கிணற்றுக்குள் இறக்கியிருந்த மோட்டார் அது. மேலே தூக்க ஆள் பிடிக்க வேண்டும், கொயில் சுற்ற வவுனியாவுக்குக் கொண்டுபோக வேண்டும், திரும்பக் கொண்டுவந்து இறக்க வேண்டும். ஒன்பது நாள் போய்விட்டது. அந்த ஒன்பது நாளும் எங்கள் ஒழுங்கையில் அரைவாசிப் பேர் தண்ணீர் அள்ளியது ஒரே கிணற்றில். அந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரர், ஊருக்குக் குழாயில் தண்ணீர் கொடுக்கும் எங்கள் நீர்ச் சங்கத்துக்கு இன்றுவரை ஒரு சதம் சந்தா கட்டாதவர்.

நான் அந்தச் சங்கத்தின் பொருளாளர். பத்தாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். முதலாவதாக வந்த முன்மொழிவு இது: சந்தா கட்டாத வீட்டுக்கு யாராவது தன் குழாயில் இருந்து தண்ணீர் கொடுத்தால் தண்டம் அறவிட வேண்டும். அதை முன்மொழிந்தவர் ஒன்பது நாளும் அந்த ஐயாவின் கிணற்றடியில் குளித்தவர். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு உறைத்தது அதுதான். எல்லாருடைய மனதிலும் 'சந்தா கட்டாத ஆக்கள்' என்று ஒரு கூட்டம் இருந்தது, அதற்குள் அந்த ஐயா அடங்கவில்லை. அவர் வெறும் ஐயா.

முன்மொழிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம். அதற்கு முன் 'ஏன் இணைப்பு எடுக்கவில்லை' என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு வா என்று என்னை விட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் 17 வீடு. ஆறு வீட்டில் மீற்றர் இல்லை. ஊர் முழுக்கப் போக எனக்கு நேரம் இல்லை, அந்த ஆறு வீட்டுக்கும் போனேன். அங்கே கண்டதை ஒரு நிகழ்வு ஆய்வாக இங்கே எழுதுகிறேன். யாருடைய பெயரும் வராது. ஊரின் பெயரும் வேண்டாம். முல்லைத்தீவு மாவட்டம், ஏ9 வீதிக்குக் கிழக்கே, காட்டோரம். அவ்வளவு போதும்.

தண்ணீர் பற்றி

யாழ்ப்பாணத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் கருங்கல்தான். சுண்ணாம்புக்கல்லுக்குள் தண்ணீர் பரந்து நிற்கும். கருங்கல்லில் வெடிப்பு உள்ள இடத்தில் மட்டும்தான் நிற்கும். அதனால்தான் எங்கள் பக்கம் ஒரு வளவில் நல்ல தண்ணீர் இருக்கும், வேலிக்கு அந்தப்பக்கம் வெட்டினால் சவராக இருக்கும், அதற்கு அடுத்த வளவில் முப்பது அடி போனாலும் காய்ந்த பாறை. கிணறு வாய்ப்பது இங்கே அதிர்ஷ்டம் மாதிரி.

வாய்த்த கிணற்றிலும் 'கல்சியம்' என்று ஊர் சொல்லும் வன்மை இருக்கிறது. எங்கள் வீட்டுக் கேத்திலை ஒரு மாதம் தேய்க்காமல் விட்டால் அடியில் வெள்ளையாகப் படை கட்டும். விரல்நகத்தால் சுரண்டினால் ஓடு ஓடாக வரும். பருப்பு அவிய மறுக்கும், சவுக்காரம் நுரைக்காது. இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயத்தில் மொத்த வன்மைக்கு எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம், புளோரைட்டுக்கு 1 மில்லிகிராம். வன்மையில் ஒரு பகுதி கொதிக்க வைத்தால் கேத்திலோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். புளோரைட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது செறிவாகும். 'நாங்கள் காய்ச்சித்தான் குடிக்கிறனாங்கள்' என்று சொல்லும் வீட்டிலும் பிள்ளைகளின் முன்பல்லில் மண்ணிறக் கறை இருப்பது அதனால்தான்.

இதற்கு மேல் சிறுநீரக நோய்ப் பயம். 1990களில் வடமத்திய மாகாணத்தில், பதவியா, மெதவாச்சிப் பக்கங்களில் கவனத்துக்கு வந்த அந்த நோய் பிறகு வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் பேசப்பட்டது. புளோரைட்டும் வன்மையும் சேர்ந்தா, வயலுக்கு அடிக்கும் மருந்தா, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதா என்று ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஊர் முடிவுக்கு வந்துவிட்டது: கிணற்றுத் தண்ணீர்தான் காரணம். உப்பையும் கனிமத்தையும் வடித்தெடுத்த ஆர்.ஓ. தண்ணீர் விற்கும் கடைகள் சந்திக்குச் சந்தி முளைத்தது அந்த முடிவின் மேல்தான்.

எங்கள் சங்கம் 2017இல் தொடங்கியது. குளக்கட்டுக்குக் கீழே அகலமாக வெட்டிய கிணறு, ஒரு மணல் வடி, ஒரு உயரத் தாங்கி, ஒழுங்கை ஒழுங்கையாகக் குழாய். தண்ணீர் பரிசோதித்த தண்ணீர், வீட்டுக் கிணறுகளைவிட வன்மை குறைந்தது. குழாய் புதைக்க வாய்க்கால் வெட்டியது எங்கள் சிரமதானம். இணைப்புக்கு 9,500 ரூபாய். அதன் பிறகு மாதாமாதம் நிலையான கட்டணம், அதற்கு மேல் ஓடும் யூனிற்றுக்கு. ஒரு யூனிற் என்றால் ஆயிரம் லீற்றர். தொடர்ந்து மூன்று மாதம் கட்டாவிட்டால் இணைப்பை வெட்டுவோம், திரும்பக் கொடுக்க 1,500.

நிலையான கட்டணம் முதலில் 150 ஆக இருந்தது. மின்கட்டணம் 2022 ஆகஸ்ட்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதமும் ஏறியபோது மோட்டார் பில்லைப் பார்த்து எங்களுக்கு நெஞ்சு பதறியது. 250 ஆக்கினோம். அப்போது யாருடைய வீட்டில் என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவில்லை, கொப்பியில் கூட்டுத்தொகை சரிவருகிறதா என்றுதான் பார்த்தேன்.

வெள்ளாமைக்கார அண்ணை

முதலில் போனது இணைப்பு இருந்து வெட்டுப்பட்ட வீட்டுக்கு. எங்கள் பதிவில் அவர் 'கட்டத் தவறியவர்'. சிறு குளமொன்றின் கீழ் இரண்டு ஏக்கர் வயல். சிறுபோகத்துக்கு அந்தக் குளத்துத் தண்ணீர் போதாது, கால போகம் ஒன்றுதான். வாசலில் சாக்குக் கட்டிலில் இருந்தார். நான் கொப்பியைத் திறக்க முன்பே தொடங்கிவிட்டார்.

"தங்கச்சி, மாரியில என்ர கிணறு வாய்க்கு வாய் நிக்குது. குந்தியிருந்து கையால அள்ளலாம். அப்ப எனக்குப் பைப் தண்ணி என்னத்துக்கு? ஆனா அந்த மாசத்துக்கும் காசு எழுதுறியள்."

சரி, அது நிலையான கட்டணம் அண்ணை, மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் எங்களுக்குச் செலவு இருக்குதே என்றேன்.

"இருக்கட்டும். நான் இல்லையெண்டு சொல்லேல்ல. காசு இருக்கேக்க நீங்கள் கேக்கிறேல்ல. இல்லாத நேரத்திலதான் வந்து நிக்கிறியள்."

அந்தச் சொல்லோடு வீட்டுக்கு வந்து பழைய பதிவேட்டை விரித்தேன். 2017 முதல் நாங்கள் வெட்டிய இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தேதியோடு எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை ஜனவரியிலும் பெப்ரவரி முற்பகுதியிலும் விழுந்திருந்தன. ஆறு வருடமாக அந்தக் கொப்பியை நான்தான் எழுதுகிறேன், ஒருநாளும் இதைக் கவனித்ததில்லை.

கணக்கு இப்படித்தான் ஓடுகிறது. வன்னிக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்ரோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடும். விதைப்பும் அந்தக் காலம்தான். உழவுக்கு உழவு இயந்திரக் கூலி, விதைநெல், பசளை, களைக்கு மருந்து என்று வீட்டில் உள்ள கடைசிச் சதமும் வயலுக்குள் போகும். அதற்கும் போதாமல் காப்போ சங்கிலியோ அடைவுக்குப் போகும். அதே மாதங்களில் கிணறு நிறைந்து நிற்கும், குழாயைத் திறக்க ஒருவருக்கும் தேவை வராது. தேவையில்லாத தண்ணீருக்கு, இல்லாத காசில், மாதம் 250. ஒக்ரோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் நிலுவை. ஜனவரியில் நாங்கள் போய் வெட்டுவோம். அரிவு வெட்டக் கொஞ்ச நாள்தான் இருக்கும். மாசி பங்குனியில் நெல் விற்ற காசு கைக்கு வரும்போது அடைவு மீட்பு, கடைக் கடன், பிள்ளையின் சாமத்தியச் சடங்கு என்று வரிசை நிற்கும். வெட்டுப்பட்ட குழாய்க்கு அந்த வரிசையில் இடம் இல்லை. அப்புறம் ஆனி ஆடி வரும், கிணறு அடி காணும், அப்போதுதான் குழாய் வேண்டும். ஆனால் அப்போது நிலுவையும் 1,500 ரூபாயும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

யாருக்கு எந்த மாதத்தில் தண்ணீர் தேவையோ அதற்குச் சரியாக ஆறு மாதம் முன்பு நாங்கள் வெட்டிவிடுகிறோம். வேண்டுமென்று திட்டம் போட்டுச் செய்திருந்தாலும் இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க மாட்டோம்.

இந்த அண்ணையின் நிலுவை 2021 கடைசியில் தொடங்கியது. அந்த வருடம் ரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பரில் தடையை எடுத்தார்கள், பயிருக்குப் போட வேண்டிய நேரம் அதற்குள் போய்விட்டது. அடுத்த மாசியில் அவர் வயலில் இருந்து வீட்டுக்கு வந்தது சாப்பாட்டு நெல் மட்டும். எங்கள் பதிவேட்டில் அதற்கென்று ஒரு நிரல் கிடையாது.

கிழமைக் காசு

இரண்டாவது வீட்டில் ஒரு அக்கா, இரண்டு பிள்ளைகள். கச்சான் காலத்தில் கச்சான் ஆய்வது, மற்ற நேரம் வயலில் களை பிடுங்குவது, நாள் கூலி. இவவும் இணைப்பு எடுத்து வெட்டுப்பட்டவதான். ஆனால் காரணம் வேறு. நுண்கடன் நிறுவனத்துக்கு ஒவ்வொரு கிழமையும் கட்ட வேண்டும். குழுக்கடன் என்றபடியால் ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நாலு பெண்களும் அந்த வாசலில் குந்தியிருக்க வேண்டும். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. இவ கேட்டுப் போனபோது இவவின் கடன் அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

"கத்துற கடனைத்தான் முதல் கட்டுறது, பிள்ளை. உங்கட சங்கம் கத்துறேல்ல."

இதைச் சொல்லிவிட்டு அவ சிரித்தா. நான் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழாயில் இருந்து வேலிக்கு மேலால் ஒரு பச்சை நிற ஹோஸ் வந்து இவவின் பரலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. தண்டம் போட வேண்டும் என்று கூட்டத்தில் பேசியது இந்த ஹோஸைத்தான். பதிலுக்கு இவ அந்த வீட்டுக் கிழவிக்குக் காலையில் முற்றம் கூட்டிக் கொடுக்கிறா. இவவும் கட்டணம் கட்டுகிறா, எங்களுக்கு இல்லை.

படிவத்தில் ஒரு வரி

மூன்றாவது வீட்டைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். இப்போது மூன்றாவது தலைமுறை. இந்த மண்ணில் பிறந்து, இதிலிருந்து எல்லாரோடும் இடம்பெயர்ந்து, எல்லாரோடும் திரும்பி வந்தவர்கள். காணிக்கு இன்னும் அனுமதிப்பத்திரம் கிடைக்கவில்லை. கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு எங்கும் இப்படிக் குடும்பங்கள் இருக்கின்றன.

எங்கள் விண்ணப்பப் படிவத்தில் நாலாவது வரி: 'காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி இணைக்கப்பட வேண்டும்.' அந்த வரியை எழுதியது யார்? ஒருவரும் இல்லை. வேறொரு சங்கத்தின் படிவத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து, மேலே இருந்த பெயரை மட்டும் மாற்றினோம். அந்த வரி எங்களுக்குத் தேவையா என்று கேட்கவே இல்லை. 2017 சிரமதானத்தில் எங்கள் ஒழுங்கைக்கு வாய்க்கால் வெட்டியவர்களில் இந்த வீட்டு அப்பாவும் இரண்டு மகன்மாரும் இருந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது எனக்கு நினைவு இருக்கிறது. அவர்கள் வெட்டிய வாய்க்காலுக்குள் தாட்ட குழாய் அவர்களுடைய வாசலைக் கடந்து போகிறது.

"கேட்டனாங்கம்மா. பத்திரம் இல்லாட்டிக் குடுக்க ஏலாதுன்னு சொன்னாங்க. அப்புறம் கேக்கல" என்றார் அப்பா. யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. நானாகவும் இருக்கலாம்.

நாலாவது வீட்டிலும் படிவம்தான் குறுக்கே நின்றது, ஆனால் வேறு வரி. அந்த அம்மாவின் கணவர் 2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் காணாமல் போனவர். காணிப் பத்திரம் அவருடைய பெயரில். அம்மா படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறா. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவருடைய பெயரை எழுதியிருக்கிறா. அலுவலகத்தில் யாரோ அந்தப் பெயருக்கு முன்னால் பென்சிலால் 'அமரர்' என்று சேர்த்திருக்கிறார்கள். இணைப்புக் காசு கட்ட வந்த அன்று அதைக் கண்டா. படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டா. நாலு வருடம் ஆகிறது.

பென்சிலால் எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் போனவர்களின் தாய்மார் தொடங்கிய இருப்புப் போராட்டம் எதற்காக என்று எங்கள் ஊரில் தெரியாதவர் கிடையாது. மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லி, அதனால் வரக்கூடிய உதவிகளையும் வேண்டாம் என்று விட்டவர்கள் இருக்கிறார்கள். இப்படியான குடும்பங்களுக்காகவே 'காணக்கிடைக்காமைச் சான்றிதழ்' ஒன்றைச் சட்டத்தில் 2016இல் கொண்டுவந்தார்கள். அரசாங்கம்கூட அந்தச் சொல்லை எழுதாமல் ஒரு வழி தேடியிருக்கிறது. ஒரு தண்ணீர்க் குழாய்க்காக நாங்கள் எழுதிவிட்டோம்.

அம்மா என்னோடு அதிகம் கதைக்கவில்லை. "நான் இன்னும் அப்பிடி எழுதேல்ல, பிள்ளை" என்று மட்டும் சொன்னா. பிறகு தேத்தண்ணி தந்தா. நல்ல சாயம், கல்சியத் தண்ணீரின் அந்த மங்கல் நிறத்தோடு.

கலன் வாங்கும் வீடு

ஐந்தாவது வீடு லேசு. இளம் தம்பதி, அவர் கொழும்பில் மேசன் வேலை. குளிக்கக் கழுவக் கிணறு, குடிக்க ஆர்.ஓ. கலன். பட்டா வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். மாதக் கணக்கைக் கூட்டினால் எங்கள் சந்தாவைவிடக் கூடவே வருகிறது. அதை அந்தத் தங்கச்சியிடம் சொன்னேன். அவவுக்கு ஏற்கெனவே தெரியும். "அக்கா, கலன் எண்டால் காசு இருக்கிற நாள் வாங்கலாம், இல்லாத நாள் வாங்காமல் விடலாம். ஆரும் வந்து நிலுவை எண்டு சொல்லமாட்டினம்."

அப்போதுதான் எனக்குப் போன் நினைவுக்கு வந்தது. இந்த ஆறு வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. நூறு ரூபாய், ஐம்பது ரூபாய் என்று ரீலோட் போடாத வீடு கிடையாது. மாதம் முடியக் கூட்டிப் பார்த்தால் அதுவும் எங்கள் சந்தாவைத் தாண்டும். அதில் ஒருவருக்கும் நிலுவை இல்லை, ஒருவரையும் யாரும் 'கட்டத் தவறியவர்' என்று எழுதவில்லை. விலை எங்கள் ஊருக்குப் பெரிய தடை என்று நான் இப்போது நம்பவில்லை. காசு வரும் நாளும் பில் வரும் நாளும் ஒன்றையொன்று காணாமல் போவதுதான் தடை. மாதச் சம்பளக்காரர் போட்ட நாட்காட்டி அது. எனக்கும் மாதச் சம்பளம்தான்.

ஐயாவின் கிணறு

கடைசியாக ஐயா வீடு. இவருக்குக் காசுப் பிரச்சினை இல்லை, காணிக்கு உறுதி இருக்கிறது, படிவமும் வாங்கி வைத்திருக்கிறார். அதில் பீடி சுற்றி வைக்கிறாரோ தெரியாது.

கிணறு அவருடைய தகப்பன் வெட்டியது. கல்லுக்கட்டு, அகலமான வாய், தென்னை நிழல். அந்த ஒழுங்கையிலேயே அதில்தான் பருப்பு நேரத்துக்கு அவியும். 2010இல் திரும்பி வந்தபோது கிணற்றுக்குள் தகரமும் சைக்கிள் சட்டமும் ஒரு கதவும் கிடந்தனவாம். கண்ணிவெடி அகற்றுபவர்கள் சிவப்புப் பலகையை எடுக்கும்வரை வளவுக்குள்ளேயே போக முடியவில்லை. பிறகு மூன்றுதரம் இறைத்து, சேறு அள்ளி, உப்பும் கரியும் போட்டு, கடைசியில் பொங்கல் வைத்துத்தான் தண்ணீர் குடித்தார்களாம்.

ஏன் ஐயா இணைப்பு எடுக்கவில்லை என்று கேட்டேன். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தண்ணீர்ப் பௌசர் வரும், வாளியை வரிசையில் வைக்க வேண்டும், வாளி நகரும், ஆள் நிழலுக்கு ஒதுங்கும். ஒருநாள் இவருடைய வாளிக்கு முன் பைப்பை மூடிவிட்டார்கள். அவ்வளவுதான் சம்பவம். பிறகு அடுத்த பௌசர் வந்தது, தண்ணீரும் கிடைத்தது.

"என்ர தண்ணியின்ர திறப்பு இன்னொருத்தன்ர கையில இருக்கக்கூடாது, பிள்ளை. நீங்கள் நல்ல பிள்ளையள்தான். ஆனாலும் திறப்புத் திறப்புத்தான்."

இதற்கு நான் என்ன திட்டம் போடுவது? தவணை முறை இவருக்கு வேலை செய்யாது. விலை குறைப்பும் செய்யாது. இவரைக் கணக்கில் இருந்து எடுத்துவிட்டேன், மரியாதையோடு.

செய்ததும் அதனால் வந்ததும்

அடுத்த கூட்டத்தில் பதிவேட்டுத் தேதிகளை ஒரு பெரிய மட்டையில் எழுதிக்கொண்டு போனேன். வெட்டிய மாதங்களுக்குச் சிவப்பு, மழை மாதங்களுக்கு நீலம். நீலத்துக்குப் பின்னாலேயே சிவப்பு ஒட்டிக்கொண்டு நின்றது. விளக்கம் தேவைப்படவில்லை. தண்ட முன்மொழிவு விழுந்தது, அதுவும் மூன்று வாக்கால்தான்.

படிவத்தின் நாலாவது வரியை எடுத்தோம், கிராம சேவையாளரின் வதிவுக் கடிதம் போதும். 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் 'விண்ணப்பிப்பவர்' என்று போட்டோம், அவருடைய பெயர் மட்டும். சந்தாவை மாதாமாதம் கட்டலாம், அல்லது பங்குனிக்குள் வருடத்துக்கும் சேர்த்துக் கட்டலாம். கார்த்திகை முதல் தை வரை குழாயை மூடி முத்திரை வைத்துக்கொள்ள விரும்பும் வீட்டுக்கு நிலையான கட்டணம் அரைவாசி. ஒரு மீற்றரை இரண்டு வீடு பங்கிட்டால் சங்கம் கேள்வி கேட்காது. பச்சை ஹோஸுக்குச் சட்ட அந்தஸ்து!

மலையகக் குடும்பம் அந்த மாதமே இணைப்பு எடுத்தது. படிவத்தின் பழைய வடிவத்துக்காகச் சங்கத் தலைவர் நேரே போய் மன்னிப்புக் கேட்டார், அதை அவர்கள் பெரிதாக எடுக்கவில்லை, எங்களுக்குத்தான் நெஞ்சு இலேசானது. அந்த அம்மா நாலு மாதம் எடுத்தா. ஒருநாள் பழைய மடித்த படிவத்தையே கொண்டுவந்தா. பென்சில் எழுத்தை அழித்திருந்தா, அழித்த இடத்தில் தாள் மெலிந்து போயிருந்தது. புதுப் படிவம் தரவா என்று கேட்டேன், வேண்டாம் என்றா. அதையே கோப்பில் போட்டிருக்கிறேன். வெள்ளாமைக்கார அண்ணை 2024 பங்குனியில் நிலுவையையும் வருடச் சந்தாவையும் ஒரே நாளில் கட்டினார். கச்சான் அக்கா பங்கு மீற்றருக்கு வந்தா. கலன் வீடு இன்னும் கலன்தான்.

இப்படிச் சொன்னால் எல்லாம் சரிவந்த மாதிரி இருக்கும். பொருளாளருக்கு அப்படி இல்லை. பங்குனியில் காசு ஒரேயடியாக வந்து குவிந்தது, வங்கியில் போட்டோம், அதைத் தொடாமல் வைத்திருக்க நான் பட்ட பாடு தனிக்கதை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலின் மழை வன்னியை மூடியது. குளங்கள் வான் பாய்ந்தன, வயல்கள் நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தன. அடுத்த பங்குனியில் வருடச் சந்தா கட்டுவதாக இருந்தவர்களில் பலர் 'அடுத்த போகம்' என்றார்கள். முன்பு நிலுவை ஒவ்வொரு வீடாக, சொட்டுச் சொட்டாக விழும். இப்போது வெள்ளாமை விழுந்தால் எல்லா வீடும் ஒரே நாளில் விழும், சங்கமும் அதோடு விழும். வயலோடு சந்தாவைக் கட்டினால் வயலுக்கு வருவது சந்தாவுக்கும் வரும் என்று முன்கூட்டியே ஒருவர் எச்சரித்தார். தண்டம் முன்மொழிந்த அதே ஆள். அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது.

அந்த வருடத்தை ஒரு கடனாலும், மோட்டாரைக் காலையில் மட்டும் ஓட்டியும் தாண்டினோம். மோட்டார் திரும்ப எரிந்தால் என்ன செய்வது என்ற பேச்சும் அப்போதுதான் வந்தது. மாற்று மோட்டார் வாங்கக் காசில்லை. அவசரத்துக்கு ஐயாவின் கிணற்றில் இருந்து தாங்கிக்கு ஒரு குழாய் இழுத்து வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். தலைவர் ஐயாவையே கூட்டத்துக்கு அழைத்தார். சங்கம் தொடங்கிய நாளில் இருந்து அவர் எங்கள் கூட்டத்துக்கு வந்தது அதுதான் முதல்தரம். சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி வாங்கில் இருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்தார்.

"குழாய் போடுங்கோ, எனக்கு ஒண்டுமில்லை. அப்ப மாசம் எவ்வளவு சந்தா கட்டுவியள்?"

அந்தக் கேள்வியைக் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே பதிலுக்கென்று இரண்டு வரி விட்டிருக்கிறேன். இன்னும் காலி.